இரண்டாவது பாட்டில்

ஃபார்மலின் பாட்டில் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. அறுத்தெடுத்த திசு அழுகாமல், உருக்குலையாமல் காப்பது அதன் வேலை. அதை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் துண்டுக்குள் கிருமி ஏதாவது உயிரோடு இருந்தால் அதையும் சேர்த்துத் தீர்த்துவிடும். கட்டி புற்றா இல்லையா என்று பார்க்க இதனால் ஒரு நட்டமும் இல்லை. தோலுக்கு அடியில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், வலியே காட்டாமல் வளர்ந்துவந்த பூஞ்சையைத் தேடும்போதுதான் சிக்கல். பெரும்பாலும் அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் (கல்ச்சர் என்பது இதைத்தான்) இன்ன பூஞ்சை என்று உறுதியாகச் சொல்ல முடியும். செத்ததை எங்கே வளர்ப்பது?

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நோயாளிகளை அதிகம் பார்ப்பதில்லை. அவர்களுடைய துண்டுகளைத்தான் பார்க்கிறேன். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை மட்டும் மாறுவதே இல்லை. நோய்க்குறியியல் துறையிலிருந்து 'கிரானுலோமா வகை அழற்சி' என்று ரிப்போர்ட் போயிருக்கும். அறுவை சிகிச்சை மருத்துவர் யோசித்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "மேடம், அந்தத் துண்டுல கல்ச்சர் பண்ணிப் பாக்க முடியுமா?" "துண்டு எதுல இருக்கு சார்?" "ஃபார்மலின்லதான்." அதோடு பேச்சு முடிந்துவிடும். மறுபடி அறுக்கலாமா என்று அவர் கேட்கமாட்டார், நானும் வற்புறுத்தமாட்டேன். ஆறிய புண்ணைத் திரும்பக் கிழிக்கிறோம் என்று நோயாளியிடம் யார் போய்ச் சொல்வது?

கிரானுலோமா என்பது நோயின் பெயரல்ல. விரட்ட முடியாத ஒன்றை உடம்பு சுற்றி வளைத்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. உள்ளே இருப்பது காசநோய்க் கிருமியாக இருக்கலாம், தொழுநோய்க் கிருமியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், எப்போதோ குத்தி உள்ளேயே தங்கிவிட்ட முள்ளின் நுனியாகக்கூட இருக்கலாம். காசநோய் மலிந்த இடங்களில் மருத்துவரின் மனம் முதலில் அங்கே போவதைக் குறை சொல்ல முடியாது; பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். என் குறை அதற்கு அடுத்த படியில். காசநோய்க் கிருமி கண்ணில் படவில்லை, கல்ச்சருக்குத் துண்டு இல்லை, ஆனாலும் ஆறு மாத மருந்து தொடங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து வீக்கம் குறையவில்லை என்றால் 'மருந்துக்கு அடங்காத காசநோய்' என்று ஒரு புதுச் சந்தேகம் முளைக்கிறது. முதல் சந்தேகத்தையே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பையனின் தொடை

இந்த எண்ணங்களெல்லாம் ஒரு பையனுக்கு முன்பே எனக்கு இருந்தவைதான். அவனைப் பார்த்த பிறகு அவை அடங்க மறுத்துவிட்டன. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. தொடையின் வெளிப்பக்கத்தில் சின்னதாக ஆரம்பித்த தடிப்பு இடுப்பு வரை ஏறியிருந்தது. வேறொரு மருத்துவமனையில் முதல் பயாப்சி, அதாவது சோதனைக்காகத் திசுவை வெட்டி எடுப்பது. துண்டு முழுவதும் ஃபார்மலினில். கிரானுலோமா, காசநோய் மருந்து, பலனில்லை. பிறகு யாரோ ஸ்கேன் பார்த்துவிட்டு 'சார்க்கோமாவாக இருக்கலாம்' என்று, அதாவது ஒருவகைப் புற்று என்று, எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லோடு அந்தத் தாய் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் இரண்டாவது பயாப்சிக்கு வந்தபோது, அதிசயமாக, அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முதல் நாளே எனக்குப் போன் செய்தார். "கீழே வந்து ஒரு தடவை தொட்டுப் பாருங்க மேடம், எனக்கு இது கேன்சர் மாதிரி தோணல."

போய்ப் பார்த்தேன். தொட்டதும் பலகையைத் தொட்டதுபோல இருந்தது. தோல் லேசாகக் கறுத்து வீக்கத்தோடு ஒட்டியிருந்தது; ஆனால் மொத்த வீக்கமும் அடியில் உள்ள தசையோடு ஒட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. மருத்துவர் என் விரலைப் பிடித்து வீக்கத்தின் ஓரத்தில் வைத்தார். ஓரம் தெளிவாக, திட்டவட்டமாக முடிந்தது. விரல் நுனியை அதற்கு அடியில் நுழைத்துச் சற்றே தூக்க முடிந்தது. காய்ச்சல் இல்லை. பையன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "வலிக்கவே இல்லைங்கம்மா. வலிச்சிருந்தா அப்பவே தூக்கிட்டு ஓடியாந்திருப்போம்" என்றார் அவனுடைய அம்மா. வலிக்காதது இந்த நோய்களின் மிகப் பெரிய சூழ்ச்சி.

விரல் நுழையும் அந்த ஓரத்தைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். பேசிடியோபோலஸ் ரனாரம் என்ற பூஞ்சை. தவளை, பல்லி போன்றவற்றின் குடலில் குடியிருந்து அவற்றின் எச்சத்தோடு மண்ணுக்கும் இலைச்சருகுக்கும் வந்து சேர்வது. சிறு காயம் வழியாகவோ பூச்சிக்கடி வழியாகவோ தோலுக்கடியில் போகிறது என்று கருதப்படுகிறது. பெரும்பாலும் சிறுவர்களுக்கு, தொடையிலும் புட்டத்திலும். மனிதரில் இது முதன்முதலாகப் பதிவானது 1956இல், இந்தோனேசியாவில். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அறுவை அரங்கில் செவிலியர் கையில் ஒரு பாட்டில் தயாராக இருக்கும், அதில் ஃபார்மலின் இருக்கும். என் படிப்பு முழுக்க அந்தப் பாட்டிலின் வாயோரத்தில் முடிந்துபோகும்.

மறுநாள் காலை நானே ஒரு சிறு பாட்டிலில் கிருமிநீக்கம் செய்த சலைனை, அதாவது உப்புநீரை, எடுத்துக்கொண்டு அரங்கு வாசலில் போய் நின்றேன். துண்டு இரண்டாக வெட்டப்பட்டது. ஒன்று ஃபார்மலினுக்கு, ஒன்று சலைனுக்கு. சலைனில் இருந்ததைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, கையோடு வாங்கி வந்தேன். இந்தப் பூஞ்சைக்குக் குளிர் ஆகாது. ஆய்வகத்தில் திசுவை வழக்கமாக அரைத்துத்தான் தட்டில் போடுவார்கள். இதை அரைக்கவும் கூடாது. இதன் இழைகளில் குறுக்குச் சுவர்கள் மிகக் குறைவு. அரைத்தால் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே உள்ளதெல்லாம் வெளியேறி, வளர எதுவும் மிஞ்சாது. பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, பூஞ்சை வளர்க்கும் சபூரோ ஊடகத்தில் அழுத்தி வைத்தோம்.

சில நாட்களிலேயே வந்துவிட்டது. மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக, மையத்திலிருந்து கதிர்கதிராக மடிப்பு விழுந்த ஒரு படலம். பஞ்சுபோல் எழும்பி நிற்கும் பூஞ்சைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பூஞ்சை என்றே தோன்றாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தபோது மூடியின் உட்புறத்தில் மங்கலாக ஒரு படிவு தெரிந்தது. நீராவி என்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது. பேசிடியோபோலஸ் தன் வித்துகளை விசையோடு மேலே எறியும். மூடியில் ஒட்டியிருந்தவை அவை. தட்டில் தவறி விழுந்தவை தாய்ப்படலத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தனியே முளைக்கத் தொடங்கியிருந்தன. நுண்ணோக்கியில், தடித்த சுவர் கொண்ட உருண்டை வித்துகளின் பக்கவாட்டில் அலகு போன்ற ஒரு ஜோடி நீட்சி. அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

நோய்க்குறியியல் துறையும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃபார்மலினில் போன பாதியிலும், ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்த இடத்தில், இளஞ்சிவப்பு உறை போர்த்திய அகன்ற இழைத் துண்டுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்ப்ளெண்டோர்-ஹோப்லி என்று அந்த உறைக்குப் பெயர். தேடினால் கிடைக்கும், தேடச் சொல்லி யாராவது கோரிக்கைச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பயாப்சிச் சீட்டில் 'தொடை வீக்கம்' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு நாளாக என்றுகூட இல்லை.

பையனுக்குக் கொடுத்த மருந்து பொட்டாசியம் அயோடைடு. நூறு வருடத்துக்கும் மேல் பழையது. பிரான்ஸில் 1900களின் தொடக்கத்தில் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற இன்னொரு தோலடிப் பூஞ்சை நோய்க்குக் கொடுக்கத் தொடங்கியது. செறிவான கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுத்து, தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டிப் போவார்கள். வாயில் உலோகச் சுவை, எச்சில் ஊறல், குமட்டல், முகத்தில் பரு போன்ற கொப்புளம் எல்லாம் வரலாம். தைராய்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது, இந்த உப்பு ஆய்வகத்தில் பூஞ்சையைச் சரியாகக் கொல்வதே இல்லை என்பது. உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று இன்றுவரை யாரும் முழுதாக விளக்கிவிடவில்லை. ஆனாலும் சில வாரங்களில் பையனின் தொடை இளகத் தொடங்கியது. பல மாதம் தொடர வேண்டியிருந்தது; வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கும் இது நன்றாகக் கேட்கும். எதுவானாலும், பெயர் தெரிந்த பிறகு வைத்தியம் எளிது.

மதுரைக்கால்

பெயர் தெரியாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெரும்பாலும் பாதத்தில் வரும் மைசிடோமா என்ற நோயை விடப் பெரிய சான்று இல்லை. மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842இல் இதைப் பதிவு செய்தார். அப்படித்தான் உலக மருத்துவ நூல்களில் 'மதுரைக்கால்' ஏறியது. பம்பாயில் வாண்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் 1860 வாக்கில் இது பூஞ்சையால் வருவது என்று எழுதினார். பாதி சரி. இதே வீக்கத்தை, இதே சீழ்ப் புழைகளை, இதே குருணைகளை பாக்டீரியாவும் உண்டாக்கும் என்று இரண்டையும் பினோய் என்ற ஆய்வாளர் பிரித்துக் காட்டியது 1913இல்தான். மதுரையின் பெயரைச் சுமக்கும் கிருமிகளிலேயே மதுரெல்லா பூஞ்சை, ஆக்டினோமதுரா பாக்டீரியா. வெறுங்காலில் முள் குத்தி, குத்தியதே மறந்துபோன பிறகு பாதம் மெல்ல வீங்குகிறது. இதிலும் வலி இல்லை. பிறகு துளைகள் விழுந்து, கசியும் நீரோடு கடுகை விடச் சின்னக் குருணைகள் வெளிவரும்.

அந்தக் குருணைதான் நோயாளி நம் கையில் தரும் விடை. கறுப்பாக இருந்தால் பூஞ்சை என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையும் வெளிர்மஞ்சளும்தான் ஏமாற்றும், இரண்டு பக்கமும் போகும். துளைகளின் மேல் கிருமிநீக்கிய காஸ் துணியை வைத்து இரவு முழுக்கக் கட்டிவிட்டு, காலையில் பிரித்தால் நூலிழைகளில் குருணைகள் சிக்கியிருக்கும். ஊசி நுனியால் பொறுக்கி, சலைனில் பலமுறை கழுவி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால் வேற்றுமை சட்டென்று தெரியும்: பூஞ்சை இழைகள் தடிமனானவை, பாக்டீரியா இழைகள் ஒரு மைக்ரானுக்கும் மெலிந்தவை. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் நடப்பது என்னவென்றால், துளை வாயைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பிவிடுகிறார்கள். தோலின் மேல் எப்போதும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அதில் வளர்கிறது. அதற்கு ஆன்டிபயாடிக் போகிறது. பாதம் அப்படியே இருக்கிறது.

இந்த ஒரு வேற்றுமையில்தான் கால் மிஞ்சுவதும் போவதும் இருக்கிறது. பாக்டீரியா வகை மருந்துக்கு நன்றாக வழிவிடும்: கோ-ட்ரைமாக்சசோலோடு அமிகாசினோ ஜென்டாமைசினோ சேர்த்து, சுற்றுச் சுற்றாக, பல மாதம். பூஞ்சை வகை பிடிவாதக்காரன். இட்ராகோனசோல் வருடக்கணக்கில், நடுவில் அறுவை, அதற்குப் பிறகும் திரும்ப வருவது சகஜம். எலும்பு வரை போனபின் காலை எடுக்க வேண்டிவந்தவர்கள் ஏராளம். சூடானில் ஃபோஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை இட்ராகோனசோலோடு ஒப்பிட்டு ஒரு சோதனை நடந்தது. 2017இல் தொடங்கியது, முடிவு 2024இல் வெளிவந்தது. பழைய மருந்தை இது மிஞ்சிவிடவில்லை. ஆனால் தினமும் விழுங்குவதற்குப் பதில் வாரம் ஒருமுறை போதும். மருத்துவமனைக்கு வரவே பாதி நாள் பயணம் செய்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. இந்த நோய்க்கென்றே தனியாக ஓர் ஆய்வு மையம் நடந்ததும் அதே சூடானில், கார்ட்டூமில்தான், 1991 முதல். அண்மைய போரில் அது அழிந்தது. 40 வருடத்துக்கு மேற்பட்ட தகவல்களும், சேர்த்து வைத்திருந்த திசு மாதிரிகளும் போயின. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

மற்ற தோலடிப் பூஞ்சை நோய்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்போரோட்ரிகோசிஸில் கையில் ஒரு புண், அங்கிருந்து நிணநீர்ப் பாதையில் மேலேறும் முடிச்சுகள். தொற்றும் வழி முள், மரச்சிராய், பிரேசிலில் பூனைக் கீறல். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1940களில் முட்டுக்கொடுத்த மரங்களிலிருந்து சுமார் 3000 தொழிலாளர்களுக்குத் தொற்றியது. ஃபார்மலின் இழப்பு அதிகம் வலிப்பது இந்த நோயில்தான், ஏனென்றால் திசுவில் இந்தப் பூஞ்சை கண்ணில் படுவதே அரிது. கல்ச்சரில் தாராளமாக வளரும். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் நேர்மாறு. காலில் மரு மருவாகப் படரும் தடிப்பின் மேல் மிளகுப்பொடி தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகளைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் பார்த்தாலே பழுப்பு நிறத்தில், குறுக்கும் நெடுக்கும் சுவர் விழுந்த உருண்டைச் செல்கள் தெரியும். அதையும் தோல் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எதிர்வாதங்கள்

ஃபார்மலின் பாட்டிலோடு சலைனுக்கும் ஒன்று என்று இரண்டாவது பாட்டிலை வழக்கமாக்கலாம் என்று நான் சொன்னபோது வந்த பதில்கள் எதுவும் முட்டாள்தனமானவை அல்ல. அதனால்தான் இந்த விஷயம் எனக்குள் இன்னும் ஓயவில்லை. மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் சொன்னார்: "அரிய நோய்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு கட்டிக்கும் கல்ச்சர்?" ஒவ்வொரு கட்டிக்கும் நான் கேட்கவில்லை. பல வாரமாகக் கெட்டியாக, வலியில்லாமல், காய்ச்சலில்லாமல் வளர்வது. தோல் வழியே கசிவது. ஒரு சுற்று ஆன்டிபயாடிக்குக்கோ காசநோய் மருந்துக்கோ அசையாதது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வரும் எந்த முடிச்சும். இவை எல்லாம் சேர்ந்தாலும் எண்ணிக்கை பெரிதாக வராது. காசநோயாகவே இருந்தாலும் அந்தச் சலைன் துண்டு வீணில்லை. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில்தான் தெரியும்.

இளையவர்கள் சொல்வது வேறு; டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கிருமியை அடையாளம் காணும் பி.சி.ஆர். சோதனையை, ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்த துண்டிலேயே செய்யலாம் என்கிறார்கள். "இப்ப எல்லாமே பி.சி.ஆர். மேடம், மெழுகுக் கட்டியிலிருந்தே டி.என்.ஏ. எடுத்துடலாமே." எடுக்கலாம். ஃபார்மலின் அந்த டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நொறுக்கி வைத்திருக்கும். பல நேரம் ஒன்றும் வராது. அதே சோதனையைப் புதுத் திசுவில் செய்தால் வாய்ப்பு பன்மடங்கு. ஆக, புதுத் தொழில்நுட்பம் வந்தாலும் பேச்சு அதே பாட்டிலுக்குத்தான் திரும்புகிறது.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்த வாதம் என் துறைக்குள்ளிருந்தே வந்தது. கல்ச்சரும் பொய் சொல்லும் என்றார் ஒரு சக ஊழியர். உண்மை. காற்றில் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை தட்டில் விழுந்து வளர்ந்தால், அனுபவமில்லாத கண் அதையே நோய்க்காரணி என்று எழுதிவிடும். திசுவில் தெரியும் இழையும் தட்டில் வளர்ந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று இரண்டு துறையும் உட்கார்ந்து பார்க்காவிட்டால் இரண்டாவது பாட்டில் புதுக் குழப்பத்தைத்தான் கொண்டுவரும். தட்டுகளை நாலு வாரம் வரை வைத்துப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். பரபரப்பான ஆய்வகத்தில் ஐந்தாம் நாளே 'வளர்ச்சி இல்லை' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், 'பூஞ்சை சந்தேகம்' என்று சீட்டில் எழுதியிருந்தால் ஒழிய. அவருடைய வாதத்தை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அது இரண்டாவது பாட்டிலுக்கு எதிரான வாதம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பயாப்சிச் சீட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'சலைனில் திசு அனுப்பப்பட்டதா? ஆம் / இல்லை.' அதற்கே நான்கு கூட்டம் தேவைப்பட்டது. 'இல்லை'யில்தான் டிக் அதிகம் விழுகிறது. முன்பு கேள்வியே இல்லை என்பதால் எனக்கு அதுவும் முன்னேற்றமாகத்தான் படுகிறது. அந்தச் சலைன் பாட்டிலை வழங்க வேண்டியது ஆய்வகமா, அறுவை அரங்கின் சேமிப்பறையா என்ற தகராறு மட்டும் முடியவில்லை. போன வாரக் கூட்டத்திலும் அரை மணி நேரம் அதே பேச்சுதான். முடிவு வரும்வரை செவிலியர் கண்காணிப்பாளர் தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், கணக்கில் எழுதாமல்.